பென்ஷனருக்கு வாழ்நாள் சான்றிதழ்: எடுத்தால் போதுமா, போய்ச் சேர வேண்டாமா?

என் சித்திக்கு இரண்டு பென்ஷன் வருகிறது. ஒன்று அவருடையது. திருமுக்கூடலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொன்று சித்தப்பா விட்டுச் சென்றது. அவர் ரயில்வேயில் கீமேனாக இருந்தார். பாலாற்றுக்கு அக்கரையில், பழையசீவரம் வழியாகப் போகும் செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில்தான் பெரும்பாலான வருடங்கள் வேலை. அவர் காலமான பின் குடும்ப பென்ஷன் சித்தி பெயருக்கு வருகிறது. இரண்டு பணமும் ஒரே பேங்க், ஒரே பாஸ்புக்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் முடிந்து பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது ரயில்வே பென்ஷன் வந்திருந்தது. சித்தியின் சொந்த பென்ஷன் வரவில்லை.

அதற்கான வாழ்நாள் சான்றிதழை ஜூன் மாதமே நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். பி.டி.எப். பைல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் பிரிண்ட் சித்தியின் பீரோவில் இருக்கிறது. பிறகு ஏன் பென்ஷன் நின்றது? இதற்குப் பதில் தேடிப் போனதில் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில், "எல்லாம் நெட்டிலேயே செய்யலாமாமே, அப்பாவுக்கு அதைச் செய்து கொடேன்" என்ற பேச்சு எப்படியும் ஒரு நாள் வரும். அன்றைக்கு இது உதவும்.

முதலில் சான்றிதழ் எதற்கு என்று பார்த்துவிடலாம். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஆண்டுக்கு ஒரு முறை உறுதி செய்தால்தான் பணம் தொடர்ந்து வரும். முன்பெல்லாம் பேங்க்கிலோ கருவூலத்திலோ நேரில் போய் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நம் ஊர் கருவூலத்தில் "நேர்காணல்" என்று பெயர். 2014 நவம்பர் 10 அன்று பிரதமர் மோடி "ஜீவன் பிரமாண்" என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார. ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்து, வீட்டிலிருந்தோ அருகிலுள்ள சேவை மையத்திலிருந்தோ சான்றிதழை அனுப்பும் வசதி இது. 2021 நவம்பரில் கைரேகைக்குப் பதில் முகத்தைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கும் வசதியும் சேர்ந்தது. கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் தமிழக அரசு பென்ஷனர்களுக்கு நேர்காணலில் விலக்கு இருந்தது. 2022ல் நேர்காணல் மீண்டும் தொடங்கியபோது ஜீவன் பிரமாண் வழியாகவும் அதைச் செய்யலாம் என்று ஏற்பாடானது.

கைரேகையா, முகமா?

கம்ப்யூட்டரில் இதைச் செய்ய வேண்டுமானால் கைரேகைக் கருவி ஒன்று வேண்டும். உங்கள் லேப்டாப்பைத் திறக்க அதிலேயே ஒரு கைரேகைப் பட்டன் இருக்கலாம். அது இதற்கு உதவாது. ஆதார் ஆணையம் சான்றளித்த கருவிதான் வேலை செய்யும். யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும் முன் "எல்-1" வகையா என்று கேட்டுக் கொள்ளுங்கள். பழைய "எல்-0" வகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தால் பணம் வீண். கருவியோடு அதன் டிரைவரையும், அந்தக் கம்பெனி தரும் "ஆர்.டி. சர்வீஸ்" என்ற சிறிய புரோகிராமையும் பதிந்து கொள்ள வேண்டும். அதன் பிறகு ஜீவன் பிரமாண் தளத்திலிருந்து விண்டோஸுக்கான புரோகிராமை டவுண்லோட் செய்து இயக்க வேண்டும்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு, ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யும் வேலைக்காக இந்தக் கருவியை வாங்குவது தேவையில்லை என்பது என் கருத்து. மேலும் சித்தியைப் போன்றவர்களுக்குக் கைரேகை எளிதில் விழுவதில்லை. முப்பது வருடம் சோப்பிலும் டெட்டாலிலும் கழுவிய விரல்கள் அவை. வயல் வேலை, தறி வேலை செய்தவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே முகத்தைக் காட்டும் வழியே நல்லது. இதற்கு ஆண்ட்ராய்ட் போன் வேண்டும். குறைந்தது 4 ஜிபி ராம், 5 மெகாபிக்ஸல் கேமரா உள்ள போனாகப் பார்த்துக் கொள்ளவும். கம்ப்யூட்டரின் வேலை இதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிளே ஸ்டோரில் இரண்டு அப்ளிகேஷன்களை டவுண்லோட் செய்திட வேண்டும். ஒன்று ஆதார் ஆணையத்தின் "ஆதார் பேஸ் ஆர்.டி." இன்னொன்று "ஜீவன் பிரமாண்". முதலாவதைப் பதிந்த பிறகு ஐகானைத் தேடினால் கிடைக்காது. அது பின்னால் இருந்து வேலை பார்க்கும் புரோகிராம். ஐகான் இல்லையே என்று நான் அதை மூன்று முறை நீக்கி மூன்று முறை பதிந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

அடுத்து ஜீவன் பிரமாண் அப்ளிகேஷனைத் திறந்தால் முதலில் "ஆபரேட்டர்" விவரம் கேட்கும். ஆபரேட்டர் என்றதும் இது சேவை மையத்துக்கான புரோகிராம் போலும் என்று மூடிவிடுபவர்கள் உண்டு. போனைக் கையில் வைத்து இயக்குபவர்தான் ஆபரேட்டர். பென்ஷனரே தனக்குத் தானே ஆபரேட்டராக இருக்கலாம். அவருக்காக நீங்கள் செய்தால் உங்கள் ஆதார் எண், மொபைல் எண், இமெயில் ஆகியவற்றைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யை டைப் செய்து, உங்கள் முகத்தை ஒரு முறை காட்ட வேண்டும். இதன் பிறகுதான் பென்ஷனருக்கான திரை கிடைக்கும்.

நின்ற இடம் எது?

பென்ஷனருக்கான திரையில் ஆதார் எண், பெயர், மொபைல் எண் கொடுத்த பிறகு வரும் கட்டங்களில்தான் நான் சறுக்கினேன். சொந்த பென்ஷனா, குடும்ப பென்ஷனா? பென்ஷனை அனுமதித்தது யார்? பென்ஷனை வழங்குவது யார்? பி.பி.ஓ. எண் என்ன? அக்கவுண்ட் எண் என்ன?

இந்தக் கேள்விகள் ஏன் இருக்கின்றன என்று புரிந்தால் தவறு வராது. பி.பி.ஓ. என்பது பென்ஷன் வழங்கும் உத்தரவு. இன்னாருக்கு, இவ்வளவு தொகையை, இன்ன அலுவலகம் மாதாமாதம் கொடுக்கட்டும் என்று சொல்லும் காகிதம். எங்கள் ஊர் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் இங்கே "வீரசோழன்" என்ற பெயரில் 15 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை இருந்ததையும், அங்கு வேலை பார்த்தவர்களுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. நோயாளிகளைக் கவனித்த பெண்களுக்கும் கணக்கு இருக்கிறது. கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் சித்தி அந்தப் பெண்களைப் பற்றித்தான் முதலில் சொல்வார். பி.பி.ஓ.வும் ஏறக்குறைய இந்த மாதிரியான காகிதம்தான். யாருக்கு, எவ்வளவு, எங்கிருந்து என்ற மூன்றும் அதில் இருக்கும்.

சித்தியிடம் இரண்டு பி.பி.ஓ. இருக்கிறது. ரயில்வே பி.பி.ஓ.வில் அனுமதித்தது ரயில்வே, மாதாமாதம் வழங்குவது பேங்க். எனவே ரயில்வேக்கான சான்றிதழை, முந்தைய நவம்பரில், வழங்குபவர் என்ற கட்டத்தில் பேங்க்கைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதே பழக்கத்தில் ஜூன் மாதம் சித்தியின் சொந்த பென்ஷனுக்கும் அதே பேங்க்கைத் தேர்ந்தெடுத்தேன். பணம் பேங்க்கில்தானே வருகிறது என்ற நினைப்பு.

தமிழக அரசு பென்ஷனை வழங்குவது கருவூலம். உத்திரமேரூர் போன்ற தாலுகா தலைநகரங்களில் சார்நிலைக் கருவூலம் இருக்கும், மாவட்டத் தலைநகரில் மாவட்டக் கருவூலம். கருவூலம் பணத்தை எலக்ட்ரானிக் முறையில் பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்புகிறது. பேங்க் அதைச் சித்தியின் கணக்கில் வரவு வைக்கிறது, அவ்வளவுதான். அந்த பி.பி.ஓ. பேங்க்கின் பதிவேட்டில் இல்லை. நான் அனுப்பிய சான்றிதழ் பேங்க்குக்குப் போனது. பேங்க் தன்னிடம் இப்படி ஒரு பென்ஷனர் இல்லை என்று நிராகரித்துவிட்டது. கருவூலத்துக்கு எந்தச் சான்றிதழும் போகவே இல்லை.

நிராகரித்த செய்தி வராமல் இல்லை. சித்தியின் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. நகைக்கடை ஆபருக்கும் ரீசார்ஜ் விளம்பரத்துக்கும் நடுவே இங்கிலீஷில் இருந்த அந்த மெசேஜ் இரண்டு மாதம் படிக்கப்படாமல் கிடந்தது. "உன் நம்பரக் குடுத்திருந்தா நீயாவது பாத்திருப்ப" என்றார் சித்தி. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பென்ஷனருடைய மொபைல் எண்ணைக் கொடுப்பதே முறை என்று இப்போதும் நினைக்கிறேன். மெசேஜைப் பார்க்கும் பொறுப்பை மட்டும் நாம் எடுத்துக் கொள்ள வேண்டும்.

நான் பிரிண்ட்டை எடுத்துக் கொண்டு சித்தியோடு கருவூலத்துக்குப் போனேன். சான்றிதழ் எடுத்தாயிற்றே, அவர்கள்தான் எங்கோ விட்டுவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு. அங்கிருந்த எழுத்தர் பிரிண்ட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வழங்குபவர் என்ற வரியில் விரலை வைத்தார். பேங்க் பெயர் இருந்தது. சித்தியும் பி.பி.ஓ. புத்தகமும் நேரிலேயே இருந்ததால் நேர்காணலை அங்கேயே முடித்துக் கொண்டார்கள். நின்ற பணம் அடுத்த பட்டியலில் நிலுவையோடு சேர்ந்து வந்தது. எங்களுக்கு நஷ்டம் பஸ் செலவும் ஒரு மாதக் கவலையும்தான். மாத்திரைக்கும் வாடகைக்கும் இந்தப் பணத்தையே நம்பியிருப்பவர்களுக்கு அப்படி இருக்காது.

இந்தத் தவறு கருவூல பென்ஷனர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ராணுவ பென்ஷன் வாங்குவோரில் பெரும்பாலோருக்கு முன்பு பேங்க் மூலம் பென்ஷன் வழங்கப்பட்டது. 2021 முதல் படிப்படியாக "ஸ்பர்ஷ்" என்ற பாதுகாப்புத் துறையின் சொந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் மாற்றப்பட்டார்கள். பணம் இப்போதும் அதே அக்கவுண்ட்டில்தான் விழுகிறது. ஆனால் ஸ்பர்ஷுக்கு மாறியவர் வழங்குபவர் என்ற கட்டத்தில் ஸ்பர்ஷ் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஞாபகத்தில் பேங்க்கைத் தேர்ந்தெடுத்தால் என் கதைதான்.

இரண்டு பென்ஷன் வாங்குபவர் ஒரு சான்றிதழ் எடுத்தால் இரண்டுக்கும் போதுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. போதாது. ஒவ்வொரு பி.பி.ஓ.வுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். "நான் ஒருத்திதான, ஒரு தடவ மூஞ்சியக் காட்டினா ஆகாதா?" என்று சித்தி கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் ஒரு முறை முகம் காட்டினால் ஒரு பி.பி.ஓ. எண்ணுக்குத்தான் சான்றிதழ் கிடைக்கும். குடும்ப பென்ஷனில் இன்னொரு குழப்பமும் உண்டு. பி.பி.ஓ. காலமானவருடைய வேலைக்காகத் தரப்பட்டது. ஆதார் எண், பெயர், முகம் ஆகியவை இப்போது பென்ஷன் வாங்குபவருடையவை. அங்கே சித்தப்பாவின் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று விழிக்கக் கூடாது.

திரையின் கடைசியில் மறுமணம் செய்து கொண்டாரா, மீண்டும் வேலையில் சேர்ந்தாரா என்று இரண்டு கேள்விகள் இருக்கும். மறுமணம் பற்றிய கேள்வியைப் படித்துக் காட்டியபோது சித்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்பது பதிலானால் டிஜிட்டல் முறை அவருக்குப் பொருந்தாது. பேங்க்கிலோ கருவூலத்திலோ நேரில்தான் கொடுக்க வேண்டும்.

முகம் பதியும் நேரம்

விவரங்களைச் சரிபார்த்து ஒப்புதல் கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தியவுடன் கேமரா திறக்கும். திரையில் ஒரு வட்டம் வரும். முகம் அதற்குள் இருக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முதலில் ஹாலில் ஜன்னலுக்கு முன்னால் சித்தியை உட்கார வைத்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததால் முகம் இருட்டாகி நான்கு முறை தோற்றது. "நான் எதிர்லதானடா உக்காந்திருக்கேன், இது கூடவா அதுக்குத் தெரியல?" என்று அலுத்துக் கொண்டார். பின் திண்ணைக்கு அழைத்து வந்து தெருவைப் பார்த்து உட்கார வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கி, மெதுவாக இரண்டு முறை சிமிட்டச் சொன்னவுடன் பச்சை வட்டம் வந்துவிட்டது. பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்தி, போனை நாம் பிடித்துக் கொள்வது நல்லது. வயதானவர்கள் கையில் போன் ஆடும்.

எவ்வளவு வெளிச்சம் இருந்தும் ஏற்கவில்லையா? ஆதாரில் இருக்கும் புகைப்படம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அதன் பின் முகம் மாறியிருக்கும். ஆதார் மையத்தில் புகைப்படத்தைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் முயற்சி செய்யவும்.

வெற்றி என்றால் "பிரமாண் ஐ.டி." என்ற எண் திரையில் கிடைக்கும். போனுக்கும் எஸ்.எம்.எஸ். வரும். இங்கேதான் கம்ப்யூட்டருக்குத் திரும்ப வேண்டும். பிரவுசரில் ஜீவன்பிரமாண் டாட் கவ் டாட் இன் தளத்தைத் திறந்து, பென்ஷனர் லாகின் பகுதியில் இந்த எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதை டைப் செய்தால் சான்றிதழை பி.டி.எப். பைலாக டவுண்லோட் செய்யலாம். பைல் கிடைத்ததும் திறந்து பி.பி.ஓ. எண், அனுமதித்தவர், வழங்குபவர் ஆகிய மூன்று வரிகளையும் பி.பி.ஓ. புத்தகத்தை அருகில் வைத்துக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஜூன் மாதம் செய்யத் தவறியது இதைத்தான். பைல் வந்ததே என்ற மகிழ்ச்சியில் பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிறகு, சான்றிதழை வழங்குபவர் ஏற்றுக் கொண்டாரா என்பதைச் சில நாட்கள் கழித்துப் பாருங்கள். பிரமாண் ஐ.டி. கிடைத்தால் சான்றிதழ் உருவாகி அனுப்பப்பட்டது என்று பொருள். ஏற்றுக் கொள்வது பேங்க்கின் அல்லது கருவூலத்தின் வேலை. அதற்கான செய்தி தனியாக வரும். நிராகரிக்கப்பட்டிருந்தால் பழைய சான்றிதழில் திருத்தம் செய்ய வழி கிடையாது. சரியான விவரங்களுடன் புதிதாக இன்னொன்று எடுக்க வேண்டும். அதற்குப் புதிய எண் கிடைக்கும். அதே போல, இந்த ஆண்டு எடுத்த பிரமாண் ஐ.டி. அடுத்த ஆண்டுக்குச் செல்லாது.

எந்த மாதம் எடுப்பது? மத்திய அரசு, ரயில்வே பென்ஷனர்களுக்கு நவம்பர். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1லிருந்தே கொடுக்கலாம். தமிழக அரசு பென்ஷனர்களுக்கு முன்பு எல்லோருக்கும் சேர்த்துச் சில மாதங்கள் என்று இருந்தது. இப்போது ஓய்வு பெற்ற மாதம் என்று ஆகியிருக்கிறது. சித்தி ஓய்வு பெற்றது ஒரு ஜூன் மாதம் என்பதால் ஜூன். வருங்கால வைப்பு நிதி பென்ஷன் வாங்குவோர் எந்த மாதமும் எடுக்கலாம். அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

போனும் இல்லை, கம்ப்யூட்டரும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து இந்தச் சான்றிதழை எடுத்துத் தருகிறார். கட்டணம் 70 ரூபாய். படுக்கையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தபால்காரரிடமும் வழங்குபவர் யார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பி.பி.ஓ. புத்தகத்தை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு போல்டர்

இப்போது என் கம்ப்யூட்டரில் சித்திக்காக ஒரு போல்டர் இருக்கிறது. அதில் இரண்டு பி.பி.ஓ.க்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ரயில்வே பி.பி.ஓ.வின் மடிப்பில் ஓர் எண் ஏற்கனவே அழிந்து கொண்டிருக்கிறது. அது முழுவதும் போகும் முன் செய்தது நல்லதாயிற்று. ஸ்கேனர் இல்லாவிட்டால் போனில் படம் எடுத்து யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். ஒவ்வொரு சான்றிதழ் பைலுக்கும் ஆண்டு, மாதம், பிறகு "கருவூலம்" அல்லது "ரயில்வே பேங்க்" என்று பெயர் மாற்றி வைக்கிறேன். டவுண்லோட் ஆகும்போது வரும் பெயரை அப்படியே விட்டால் மறு ஆண்டு எது எதற்கென்று தெரியாது. ஒரு நோட்பேட் பைலில் ஒவ்வொரு பி.பி.ஓ.வுக்கும் அனுமதித்தவர், வழங்குபவர், மாதம் ஆகிய மூன்றையும் எழுதியிருக்கிறேன். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவில்லை.

தமிழக அரசு பென்ஷனர்கள் தங்கள் மாதாந்திர பென்ஷன் விவரத்தைக் கருவூலத் துறையின் "களஞ்சியம்" மூலம் பார்க்கலாம். மொபைல் அப்ளிகேஷனாகவும் அது உண்டு. பாஸ்புக்கில் வருவது ஒரே ஒரு தொகை. இங்கே அடிப்படை பென்ஷன், அகவிலைப்படி, மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பணம் குறைந்தால் எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க இதுதான் வசதி. மத்திய அரசு, ரயில்வே பென்ஷனில் பிரச்னை என்றால் "சிபென்கிராம்ஸ்" என்ற தளத்தில் புகாரைப் பதிவு செய்து, அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்கலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லாமல் பிரவுசிங் சென்டருக்குப் போகிறீர்கள் என்றால், பிரிண்ட் எடுத்த பிறகு டவுண்லோட்ஸ் போல்டரில் இருக்கும் சான்றிதழை அழித்துவிடவும். பின் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கவும். லாக் அவுட் செய்து பிரவுசரை மூடிய பின் எழுந்திருங்கள்.

கடைசியாக ஏமாற்றுக்காரர்கள். நவம்பர் நெருங்கினால் "உங்கள் வாழ்நாள் சான்றிதழைப் புதுப்பிக்கிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வரும். பென்ஷனரின் பெயரையும் பி.பி.ஓ. எண்ணையும் கூட அவர்களே சொல்லி நம்ப வைப்பார்கள். முகத்தையோ கைரேகையையோ பார்க்காமல் போன் பேச்சில் இந்தச் சான்றிதழ் எடுக்கவே முடியாது. ஆகவே அந்த ஓ.டி.பி. சான்றிதழுக்கானது இல்லை, உங்கள் பேங்க் அக்கவுண்ட்டைத் திறப்பதற்கானது. வாட்ஸ்அப்பில் "ஜீவன் பிரமாண் புதிய வெர்ஷன்" என்று பைல் அனுப்பினால் அதையும் திறக்க வேண்டாம். பிளே ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் இந்த அப்ளிகேஷனை எடுக்காதீர்கள்.

சென்ற வாரம் சித்திக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. ரயில்வே பென்ஷன் சான்றிதழ் முடியப் போகிறதாம். "எந்த பென்ஷன் தம்பி? வழங்கறது யாரு, பேங்கா கருவூலமா?" என்று சித்தி கேட்டிருக்கிறார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.